பத்து மணித் தண்ணீர்

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நண்டுகள் ஏணியில் இருந்தன.

துறையின் மரக்கால்களிலும் ஏணிப் படிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கை வைக்க இடமில்லை. காற்று விழுந்து மூன்று நாளாகியிருந்தது. கோடை உச்சத்தில், பிப்ரவரியில், சில வருடம் அப்படி ஆகும். மார்டன் குடா அசையாமல் கிடந்தது. ஒரு விலாங்கு மூக்கை மட்டும் வெளியே நீட்டி நின்றது. கல்லைப் போட்டேன். அது போகவில்லை.

இருபத்திரண்டு வருடமாக கிளெனிஸின் கொட்டகையில் சிப்பி தரம் பிரிக்கிறேன். நண்டு தண்ணீரை விட்டு ஓடிப் பார்த்ததில்லை.

"நோரீன், மீட்டர எடு," என்றாள் கிளெனிஸ்.

மீட்டர் அவள் மகள் பிரிட் கொடுத்தது. கறுப்புக் கம்பி, நுனியில் விரலளவு குழல், இரண்டு மீட்டர் நீளத்தில் சிவப்பு நாடா. நாடா நனையும்வரை இறக்கி, எண் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரில் மூச்சுக்கு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். ஏழு, எட்டு நல்லது. நாலுக்குக் கீழே மீன் திணறும். ஐந்து வருடமாக கிளெனிஸ் விடியலில், தேநீருக்கு முன், அதை இறக்குகிறாள். எண்ணையும் நேரத்தையும் பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறாள். கிறிஸ்துமஸ் அன்றும் எழுதினாள். அவள் மாமியாரை அடக்கம் செய்த அன்றும் எழுதினாள்.

எண் 1.8ல் நின்றது.

அவள் குழலை இழுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி இறக்கினாள். 1.8.

"பழுதாயிருக்கும்," என்றேன்.

"நண்டும் பழுதா?"

நோட்டில் எழுதினாள். இதுவரை எழுதியதில் மிகக் குறைந்தது 3.1. அது போன பிப்ரவரி.

ஏழு மணிக்குத் தண்ணீர் தொடைவரை வற்றியது. ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு இறங்கினோம். கம்பி வரிசைகளில் கூடைகள் தொங்கின. கொக்கியைக் கழற்றி, கூடையைக் குலுக்கி, தட்டைப் படகில் வைக்க வேண்டும். உயிருள்ள சிப்பி கல் மாதிரி விழும். செத்தது வெற்றுக் கோப்பை மாதிரி. இரண்டை எடுத்துத் தட்டினால் தெரிந்துவிடும்.

முதல் கூடையிலேயே கோப்பைச் சத்தம் கேட்டது.

கிளெனிஸ் இரண்டாவது கூடையைக் கழற்றினாள். அதிலும் வாய் பிளந்தவை கிடந்தன. மூன்றாவதைக் கழற்றாமல் அதன்மேல் கையை வைத்து நின்றாள்.

குடாவின் வாயில் பன்னிரண்டு சால்மன் வலைக்கூண்டுகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. தீனிப் படகு இன்னும் கிளம்பவில்லை. இன்னும் முப்பது கூண்டு, உள்ளே, எங்கள் வரிசைகள் பக்கம் போட கம்பெனி கேட்டிருக்கிறது. தாங்குமா தாங்காதா என்று சொல்ல அரசு ஐந்து விஞ்ஞானிகளை உட்கார வைத்தது. யார் பக்கமும் சாயாத ஐவர் என்று வானொலியில் சொன்னார்கள். அதில் ஒருத்தி பிரிட். பதினாலு மாதம் உட்கார்ந்தார்கள். அறிக்கை அன்று காலை பத்து மணிக்கு வெளியாக இருந்தது.

"இன்னைக்குன்னு பாத்து நண்டு ஏறிருக்கு," என்றேன். "படம் எடுத்து வைக்கலாமா?"

"எதுக்கு? ஐஞ்சு வருஷ நோட்டோட நகல் அவகிட்ட இருக்கு. எல்லாம் எழுதியிருப்பா."

சமையலறையில் டெஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். கிளெனிஸின் கணவர். பள்ளி பஸ் ஓட்டியவர். முழங்கால் போனபிறகு வீட்டைப் பார்க்கிறார். பன்றி இறைச்சியும் முட்டையும் வறுத்து மூடி வைத்திருந்தார். தலை வாரியிருந்தார்.

"மக அறிக்கைக்குத் தல சீவிட்டு உக்காந்த ஒரே அப்பன் நாந்தான்," என்றார். "உங்க மூஞ்சி என்ன இப்படி இருக்கு?"

கிளெனிஸ் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"ஒன்னு புள்ளி எட்டா?"

"ரெண்டு வாட்டி பாத்தேன்."

"சரி. சாப்பிடு. பத்து மணிக்கு அவளே சொல்லிருவா, ஊருக்கே."

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளெனிஸ் எழுந்து வெளியே போனாள். மீட்டரை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன். ஏணி வெறுமையாக இருந்தது. கடல் ஏற்றம் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெயில் அடித்தளம்வரை இறங்கிக் கடற்புல் பச்சையாகத் தெரிந்தது. நண்டு, விலாங்கு எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கலாம் போல இருந்தது.

மீட்டர் 7.4 காட்டியது.

"காலைல நீ பாத்தல்ல?" என்றாள்.

"பாத்தேன்."

"சத்தியமா பாத்தல்ல?"

"கல்லெடுத்துப் போட்டேன் கிளெனிஸ்."

உள்ளே டெஸ் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததும் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுபடி மாட்டினார்.

"என்னன்னு படி," என்றாள் கிளெனிஸ்.

"'குடாவின் நீரில் ஆக்சிஜன் ஆண்டு முழுவதும் ஏழுக்குக் குறையவில்லை. கூடுதல் கூண்டுகளைக் குடா தாங்கும்.'"

"மறுபடி படி."

படித்தார்.

"அது வேற குடா."

"நம்ம குடாதான் கிளென். பேர் போட்டிருக்கு."

"என் நோட்டு?"

அவர் தேடினார். வெகுநேரம் உருட்டினார். கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருந்தது. குடாவில் சொந்த ஆதாயம் உள்ள ஒருவரின் அளவீடுகள் பெறப்பட்டன, முடிவில் சேர்க்கப்படவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி. உறுப்பினர் ஒருவர் தமக்குப் பங்கு இருப்பதை அறிவித்ததால் நாலாம் அத்தியாயத்தில் கலந்துகொள்ளவில்லை.

"நாலாம் அத்தியாயம் எது?" என்றேன்.

"தண்ணி," என்றார் டெஸ். "மத்ததெல்லாம் படகு, வெளிச்சம், சத்தம். தண்ணி நாலு."

கிளெனிஸ் முட்டைத் தட்டைக் கையில் எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நின்றாள். பிறகு அதைக் கழுவும் தொட்டியில், முட்டையோடு, வைத்தாள்.

பிரிட் ஒரு மணிக்கு ஹோபார்ட்டிலிருந்து காரில் வந்தாள். வழியில் முக்குக் கடையில் ஸ்காலப் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பை நாலு வாங்கியிருந்தாள். பிறந்தநாளோ சாவோ, எங்கள் பக்கத்தில் அதுதான் வாங்குவார்கள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். கறித்தூள் மணம் வந்தது. யாரும் பிரிக்கவில்லை. முப்பத்தொன்பது வயது அவளுக்கு. அப்பாவின் தாடை, அம்மாவின் கை.

"படிச்சீங்களா?"

"உங்கப்பா படிச்சாரு. நான் கேட்டேன்," என்றாள் கிளெனிஸ். "நீ எங்க இருந்த?"

"வெளிய."

"வெளியன்னா?"

"தாழ்வாரத்துல. தண்ணியப் பத்திப் பேச்சு வந்தா நான் எந்திரிச்சு வெளிய போகணும். நாலு கூட்டம். கண்ணாடிக் கதவு. உள்ள பாக்கலாம், கேக்க முடியாது."

"என்ன பண்ணுன அங்க நின்னு?"

"டீ குடிச்சேன்."

"டீ குடிச்சாளாம்." கிளெனிஸ் என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா நோரீன்? ஐஞ்சு வருஷம் நான் டீ குடிக்காம எழுதுனத, இவ டீ குடிச்சு முடிச்சா."

"கிளென்," என்றார் டெஸ்.

"இருப்பா. அம்மா கேக்கட்டும்," என்றாள் பிரிட். "என் பேர்ல சிப்பிக் குத்தகைல பத்துல ஒரு பங்கு இருக்கும்மா. பதிவேட்டுல இருந்தா எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தேன். சொந்தப் பங்கு இருந்தா வெளிய போகணும். போனேன். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மட்டும் இருந்தா, எழுதிக் குடுத்துட்டு உள்ள உக்காரலாம். அதான் விதி."

"உங்க குழுவுல அந்த ஹாலம்?" என்றார் டெஸ். "பேராசிரியரு. அவன்கிட்ட ஆராய்ச்சி பண்ற பசங்க ஆறு பேருக்குக் கம்பெனிதான சம்பளம் குடுக்குது. பேப்பர்லயே வந்துச்சு."

"அது பல்கலைக்கழகத்துக்குக் குடுக்கறது. அவருக்கு இல்ல. படிவத்துல அதுக்குக் கட்டமே கிடையாதுப்பா. அவர் பொய் சொல்லல. கேக்காததச் சொல்லல."

"நீ கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்ட."

"நான் உன் மக."

டெஸ் தலையைத் தொங்கப் போட்டார்.

"சரி, தண்ணிய யாரு அளந்தா?" என்று நான் கேட்டேன். "ஏழுக்குக் குறையலன்னு எழுதிருக்கே."

"கம்பெனி படகு. தினமும் அளக்குறாங்க. எட்டு மணிக்கு வேலைக்கு வந்து, தீனி ஏத்தி, கூண்டெல்லாம் சுத்தி வந்து அளக்க பத்தாகும். அரசு ஆளும் மாசம் ஒரு தடவ வர்றார். ஹோபார்ட்டுல இருந்து ஓட்டிட்டு வந்து இறங்க அவருக்கும் பத்தரை ஆகும். ராத்திரி மீனும் எச்சமும் மூச்ச உறிஞ்சும், வெயில் ஏறினா கடற்புல் திருப்பிக் குடுத்துரும். ரெண்டு பேர் எண்ணும் ஒத்துப் போகுது. யாரும் மாத்தி எழுதல. அம்புட்டும் நெசம்."

"பத்து மணிக்கு வந்து பாத்தா நானும் நல்லவன்தான்," என்றார் டெஸ்.

கிளெனிஸ் நோட்டைத் தூக்கி மகள் முன் போட்டாள். அன்றைய பக்கம். பிரிட் பார்த்தாள். விரலை எண்மேல் வைத்தாள்.

"ஒன்னு புள்ளி எட்டு? இன்னைக்கா?"

"நண்டு ஏணில ஏறிருச்சு," என்றேன். "விலாங்கு நின்னுச்சு. மூணு கூடைல ஒரு கூடை செத்துருக்கும்."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். குடா நீலமாக மின்னியது. தீனிப் படகில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். இங்கே கேட்டது.

"பன்னெண்டு கூண்டுக்கே இது," என்றாள். "இன்னும் முப்பது."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது. வேலை பேசும் குரல்.

"அம்மா. நான் பை குடுக்க வரல. ஒன்னு எடுத்துட்டுப் போக வந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு படிவம் அனுப்பினேன்ல. பங்கிலிருந்து என் பேர எடுக்கச் சொல்லி. ஞாபகம் இருக்கா?"

கிளெனிஸ் தலையாட்டினாள்.

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நீயும் போட்டு, சாட்சி வாங்கி, குத்தகை ஆபீசுக்கு அனுப்பணும். அனுப்பிட்டேன்னு போன்ல சொன்ன. ஆபீஸ்ல தாமதம் ஆகும்னு சொன்ன. இன்னைக்குக் காலைல ஆபீசுக்குப் போனேன். வரவே இல்லங்கிறாங்க. தொலைச்சிருப்பாங்க, புதுசு இல்ல. ஆனா படிவத்துல மூணு தாள். மூணாவது நம்ம கைல வச்சுக்கறது. அதுல உன் கையெழுத்தும் தேதியும் இருக்கும்."

"இருந்தா?" என்றார் டெஸ்.

"கையெழுத்துத் தேதிதான் கணக்கு. ஆபீஸ்ல எப்பப் பதிஞ்சாங்கங்கறது இல்ல. குழு போடறதுக்குப் பத்து மாசம் முந்தின தேதி அது. அப்ப எனக்குப் பங்கே இல்ல. என்னத் தப்பா வெளிய நிக்க வச்சிருக்காங்கன்னு ஆகும். நாலாம் அத்தியாயத்தத் திரும்பத் திறந்தே ஆகணும். என்னை உள்ள வச்சுக்கிட்டு. உன் நோட்டையும். நாளைக்கு அமைச்சர் கூண்டுக்குக் கையெழுத்துப் போடறதுக்குள்ள குடுக்கணும். அந்த ஒரு தாள் போதும்மா."

டெஸ் நிமிர்ந்தார். "அட. அப்ப முடிஞ்சுபோகல." பொட்டலத்தை இழுத்துப் பிரித்தார். "கிளென், எங்க வச்ச? எழுந்து எடு. நோரீன், தட்டு எடு."

நான் தட்டு எடுக்கப் போனேன். கிளெனிஸ் எழவில்லை.

எங்கள் குடாவில் ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் குத்தகையில் ஒரு பங்கு எழுதுவோம். படிக்கப் போகும்முன், வேலைக்குப் போகும்முன். ஆதாயம் ஒன்றும் இருக்காது. பெயர் தண்ணீரில் கிடந்தால் ஆள் திரும்பும் என்று ஒரு நினைப்பு. என் இரண்டு மகன்கள் பெயரையும் எழுதினேன். குத்தகையை விற்கக் கையெழுத்துப் போடத்தான் இருவரும் சேர்ந்து வந்தார்கள்.

"கிளென்?" என்றார் டெஸ்.

அவள் எழுந்தாள். ஜாம் புட்டிகள் இருக்கும் அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் நோட்டுகள் வருடவாரியாக இருந்தன. மூன்றாவதை எடுத்தாள். பிரிக்காமல் மேசைமேல் வைத்தாள். அதன் நடுவிலிருந்து ஒரு வெள்ளை விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

பிரிட் இழுத்தாள்.

மூன்று தாளும் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டியபடி, கிழிக்கப்படாமல். மேல் தாளில் கோப்பை வைத்த வட்டக் கறை. பிரிட்டின் கையெழுத்து நீல மையில் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடும் தேதிக் கட்டமும் வெறுமையாக இருந்தன.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினாள்.

"அனுப்பிட்டேன்னு சொன்னியே."

கிளெனிஸ் கோப்பைக் கறையைப் பார்த்தாள்.

"போன்ல சொன்ன. நான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

"மேசைல வச்சுப் பேனா எடுத்தேன்," என்றாள் கிளெனிஸ். "டீ வச்சேன் மேல. அப்புறம் எடுத்து உள்ள வச்சுட்டேன்."

"ஏன்?"

"நீ ஏன் பேர எடுக்கச் சொல்றேன்னு எழுதல. படிவம் மட்டும் வந்துச்சு. ஒரு கடுதாசி இல்ல. எம்மக இந்தத் தண்ணி வேணாங்கறான்னு நெனச்சேன்."

"வேலைக்காகம்மா. இந்த மாதிரி ஒரு குழு வரும்னு தெரியும். அதுல உக்காரணும்னுதான்—"

"எனக்குத் தெரியாதே பிரிட்."

"கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லியிருக்கலாமே."

டெஸ் பொட்டலத்தைப் பிரித்த கையோடு இருந்தார். மஞ்சள் குழம்பு காகிதத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அவர் கிளெனிஸைப் பார்த்தார். நாற்பத்தொரு வருடம் கூட இருந்தவளை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

"எனக்குக்கூடச் சொல்லல நீ," என்றார்.

பிரிட் தாளை மெதுவாக மேசைமேல் வைத்தாள். ஓரத்தை நேராக்கினாள். அழவில்லை. நாலு கூட்டமும் தாழ்வாரத்தில் நின்றவள் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"அவ்வளவுதான் அப்ப," என்றாள்.

"ராஜினாமா பண்ணிட்டுப் பேப்பர்ல பேசு," என்றார் டெஸ்.

"பேசுவேன்பா. சிப்பிக்காரி மக பேசறான்னு போடுவாங்க. முப்பது கூண்டும் இறங்கினதுக்கப்புறம் போடுவாங்க."

வெளியே தீனிப் படகின் பாட்டு நின்றது. மதிய இடைவேளை. குடா மறுபடி அமைதியானது.

கிளெனிஸ் அலமாரிக்குப் போனாள். நோட்டு எழுதும் பேனா அங்கே நூலில் தொங்கும். நூலை அறுத்து எடுத்து வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள். தன் கோட்டில் பெயரைக் கையெழுத்திட்டாள். வேகமாக, ஒரே மூச்சில். ஐந்து வருட நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் அதே கை.

தாளை என் பக்கம் தள்ளினாள். சாட்சிக்கான கோடு என் முன் வந்தது. பேனாவை நீட்டினாள். வாங்கினேன். கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கிளெனிஸ்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது நோட்டைப் பிரித்தாள். படிவம் இருந்த பக்கம். மேலே அது வந்த நாளின் தேதி. காலை ஆறு ஐந்து. 6.9. காற்று தெற்கு. விரலால் அந்தத் தேதியைத் தொட்டாள். அப்புறம் இன்றைய நோட்டைப் பக்கத்தில் இழுத்து அதன் தேதியையும் தொட்டாள். இரண்டையும் தொட்டபடி மகளைப் பார்த்தாள்.

"எந்தத் தேதி போடட்டும், பிரிட்?"